கணக்கு சரியாக வராத நான் அறிவியல் பட்டப்படிப்பில் சேரலாமா?

பள்ளியில் கணக்கைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவர், வேதியியலிலோ உயிரியலிலோ ஆசை உள்ளவர் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நானும் அப்படித்தான் வேதியியலில் சேர்ந்தேன்.

முதல் பருவத்திலேயே அடி விழுந்தது. பிஹெச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு. பிஹெச் 3 உள்ள கரைசலில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு, பிஹெச் 5 உள்ளதைவிட எவ்வளவு அதிகம் என்று ஆய்வகத்தில் கேட்டார்கள். "இரண்டு" என்றேன். சரியான விடை நூறு மடங்கு. "லாக் தெரியாமல் இந்தப் பக்கம் எதற்கு வந்தாய்?" என்று ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்டது இன்றும் வலிக்கிறது.

அன்று இரவே பத்தின் அடுக்குகளிலிருந்து ஆரம்பித்தேன். பத்தை எத்தனை தடவை பெருக்கினால் ஆயிரம் வரும்? மூன்று. ஆயிரத்தின் லாக் அதுதான். ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு 0.001 மோல், அதாவது ஆயிரத்தில் ஒன்று என்றால் பிஹெச் 3, 0.00001 மோல், அதாவது லட்சத்தில் ஒன்று என்றால் 5. இவ்வளவுதானா என்று அழுகையே வந்துவிட்டது. அப்புறம் வினைவேகம், மின்கலத்தின் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு என்று எங்கே போனாலும் அதே லாக் வந்து நின்றது, பயம் வரவில்லை. எனக்கு வராதது கணக்கு முழுவதும் இல்லை; அடுக்கு, லாக், பின்னம் மூன்றும்தான். குவாண்டம் வேதியியல் மட்டும் கடைசிவரை படுத்தியது, மயிரிழையில்தான் தேறினேன்.

உடனே இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நுண்கணிதம் இல்லாமல் இயற்பியல் படிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த ஃபாரடேவுக்கு உயர்கணிதம் தெரியாது என்பது உண்மை. ஆனால் அவர் கருத்துகளைச் சமன்பாடுகளாக்க மேக்ஸ்வெல் வர வேண்டியிருந்தது. உயிரியலிலும் கணக்கிலிருந்து தப்ப முடியாது. மரபுப் பண்புகளுக்கு மெண்டல் சொன்ன 3:1 விகிதம் சோதனையில் பொருந்துகிறதா என்று பார்க்கக் கை-வர்க்கச் சோதனை (chi-square) என்ற புள்ளியியல் முறை வேண்டும்.

சேருவதற்கு முன் அந்தத் துறையின் முதலாண்டுப் பாடநூலைப் புரட்டி, கணக்கு வரும் இடங்களில் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று விஷயங்களில்தான் திரும்பத் திரும்ப நிற்பீர்கள்.