என்சைம் எப்படி ரியாக்‌ஷனை வேகமாக்குது, அதை எது தடுக்குது?

என்சைம்னா, பள்ளிக்கூடத்துல நொதின்னு படிச்சிருப்பீங்க, உடம்புல நடக்குற கெமிக்கல் வேலைய வேகப்படுத்துற ஒரு பொருள், பெரும்பாலும் புரதம். எந்த ரியாக்‌ஷனும் ஆரம்பிக்கணும்னா முதல்ல ஒரு மேடு ஏறணும், அதுக்கு எனர்ஜி வேணும், என்சைம் அந்த மேட்டோட உயரத்தையே குறைச்சிடுது. சிங்கப்பூர்ல இருக்குற புக்கிட் தீமா குன்னு 163 மீட்டர், உச்சி வரைக்கும் ஏறி இறங்காம நடுவுல ஒரு சுரங்கப்பாதை இருந்தா எப்படியோ அப்படி, போய்ச் சேருற இடம் மாறாது. ரத்தத்துல இருக்குற கார்பானிக் அன்ஹைட்ரேஸ்ங்கிற என்சைமோட ஒரே மூலக்கூறு செகண்டுக்கு சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடை மாத்துது, எனக்கு இன்னமும் பிரமிப்புதான்.

தடுக்கிறது எப்படின்னா, மத்தியானம் சிங்கப்பூர் தேக்கா சாப்பாட்டுக் கடைப் பக்கம் போங்க, சீட்ல டிஷ்யூ பாக்கெட் வச்சு சோப் (chope) பண்ணிருப்பாங்கல்ல, அதாவது இடம் பிடிச்சு வச்சிருப்பாங்க, சாப்பிட வந்தவங்க உக்கார முடியாது. என்சைம்லயும் மாத்த வேண்டிய பொருள் வந்து உக்கார அப்படி ஒரு சீட் இருக்கு. கொலஸ்ட்ராலுக்குக் குடுக்குற ஸ்டாட்டின் மாத்திரை, கொலஸ்ட்ரால் தயாரிக்கிற என்சைமோட சீட்டைப் பிடிச்சுக்குது. ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுல (பிளேட்லெட்) இருக்குற என்சைம்ல ஒட்டினா ஒட்டினதுதான், அந்தத் தட்டணு வாழுற 7 லேருந்து 10 நாளும் விடாது. இன்னும் சில தடுப்பான் சீட்டைத் தொடவே தொடாது, வேற இடத்துல ஒட்டி சீட்டோட வடிவத்தையே கோணலாக்கிடும்.

வேலை செஞ்சா என்சைம் தீர்ந்துபோயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லைங்க, ஒண்ணு முடிஞ்சதும் அதே என்சைம் அடுத்ததைப் பிடிச்சுக்கும்.