ஊட்டி குளிருக்கு கார் ஷெட் தளத்துல என்ன பூசலாம்? கேள்வி பதில்

வணக்கம்ங்க. நீலகிரில தளம் பூசற வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன், தேயிலை ஃபேக்டரி, காட்டேஜ், வீட்டு கார் ஷெட் எல்லாம் பண்ணுவோம். கார் ஷெட் பத்தி தனித்தனியா நிறைய பேர் கேக்கறதால இங்கயே சேத்து சொல்லிடறேன். எந்த கம்பெனி டப்பா நல்லதுன்னு மட்டும் முதல்ல கேக்காதீங்க, நம்ம ஊர்ல அது கடைசி விஷயம்.

கேள்வி (காந்தல்): அண்ணா, போன டிசம்பர்ல கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வரவச்சு எபாக்ஸி போட்டோம். மறுநாள் பாத்தா மேல வெள்ளையா படிஞ்சு கையில பிசுபிசுன்னு ஒட்டுது. டூப்ளிகேட் சரக்கா?

பதில்: சரக்கு மேல பழி போடாதீங்க, குளிரும் ஈரமும் பண்ண வேலை அது. எபாக்ஸிங்கறது ரெண்டு டப்பாவ கலந்து பூசினா கெட்டியா இறுகற பூச்சு, ரெசின் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா, அந்த ஹார்டனர்ல அமீன்னு ஒரு கெமிக்கல் இருக்கும். குளிர்ல ரெண்டும் சேந்து இறுகறதுக்கு நேரம் எடுக்கும், அதுக்குள்ள அந்த அமீன் மேல வந்து காத்துல இருக்கற ஈரத்தோடயும் கார்பன் டை ஆக்சைடோடயும் சேந்து வெள்ளையா படிஞ்சிடும், அமீன் பிளஷ்னு சொல்லுவாங்க. சாதாரண எபாக்ஸி 10 டிகிரிக்கு கீழ போனா கிட்டத்தட்ட தூங்கிடும். 10 டிகிரி குறைஞ்சா காயற நேரம் ரெண்டு மடங்குன்னு வேலைக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்கோம், கீழ கோயம்புத்தூர்ல ஒரு நாள்ல நடக்கலாம்னா இங்க ரெண்டு நாளாச்சும் வேணும்.

இதுல எல்லாரும் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்குங்க. காத்து எத்தனை டிகிரின்னு போன்ல பாக்கறாங்க, தளம் எத்தனை டிகிரின்னு யாரும் பாக்கறதில்ல. 11 மணிக்கு வெளிய வெயில் சுள்ளுனு அடிக்கும், ஷெட்டுக்குள்ள காங்கிரீட் ராத்திரி குளிர இன்னும் விடாம பிடிச்சிட்டு இருக்கும். காத்துல இருக்கற ஈரம் தண்ணியா படிய ஆரம்பிக்கற சூட்டுக்கு பனிபடு நிலைன்னு பேரு, தளத்தோட சூடு அத விட 3 டிகிரியாவது கூட இருக்கணும், இல்லன்னா கண்ணுக்கு தெரியாம ஈரம் படியும், அது மேலதான் நீங்க பூசறீங்க. காத்து 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னா பனிபடு நிலை 12, அப்ப தளம் 15 இருந்தா போதும். மிஸ்ட் இறங்கி காத்து 12 டிகிரி, ஈரப்பதம் 90 ஆச்சுன்னா பனிபடு நிலை பத்தரை கிட்ட வந்துடும், தளம் பதிமூணரை இருக்கணும், காத்தே 12ன்னா தளம் எங்க இருந்து பதிமூணரை ஆகும்? அன்னிக்கு டீ குடிச்சிட்டு வீட்டுக்கு போயிடணும், அவ்ளோதான்.

உங்களுக்கு இப்ப செய்ய வேண்டியது, வெதுவெதுப்பான தண்ணி விட்டு பிரஷ்ல நல்லா தேய்ச்சு கழுவுங்க, அந்த வெள்ளை தண்ணில கரையும். அடில கெட்டியா இருந்தா சாண்ட் பேப்பர் போட்டு மேல இன்னொரு கோட் அடிச்சிடலாம். நகத்தால கீறினா இன்னும் அமுங்குதுன்னா அது கடைசி வரைக்கும் இறுகாது, சுரண்டி எடுத்துட்டு புதுசா போடறத தவிர வழியில்ல.

கேள்வி (கேத்தி): அப்ப எந்த மாசம் போடலாம்ங்க?

பதில்: பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் முதல் பாதி, கோடை மழை புடிக்கறதுக்குள்ள. ஊட்டி, அவலாஞ்சி, கூடலூர் பக்கம் ஜூன்ல இருந்து தென்மேற்கு மழை, குன்னூர் கோத்தகிரி பக்கம் அக்டோபர்ல இருந்து வடகிழக்கு மழை, அது முடிஞ்சா உறைபனி. சமவெளில சாயங்காலம் தளம் ஆறும்போது பூசுன்னு சொல்லுவாங்க, காங்கிரீட்ல இருந்து காத்து கிளம்பி ஊசி ஓட்டை விழாம இருக்க. நமக்கு மூணு நாலு மணிக்கு மேல மிஸ்ட் வந்துடுமே, அதனால நான் மத்தியானமே முடிச்சு ஷட்டர இறக்கிடுவேன், ஊசி ஓட்டை விழுந்தா அடுத்த கோட்ல அடைச்சுக்கலாம்.

கேள்வி (லவ்டேல்): ஷெட்ட மூடி உள்ள கரி அடுப்பு வச்சு சூடாக்கினா?

பதில்: வேணாம்ங்க, வேணவே வேணாம். மூடின இடத்துல கரி எரிச்சா கார்பன் மோனாக்சைடு, உள்ள வேலை பாக்கறவன் உயிர் போயிடும். எபாக்ஸிக்கும் அது விஷம்தான், எரியற புகைல வர்ற கார்பன் டை ஆக்சைடு அந்த வெள்ளை படிவ இன்னும் கூட்டும். மண்ணெண்ணெய் ஹீட்டர், கேஸ் ஹீட்டரும் அதே கதை, கூடவே ஈரத்தையும் கக்கும். கரண்ட் ஹீட்டர் மட்டும் வைங்க, டப்பாங்கள முந்தின நாளே வீட்டுக்குள்ள வச்சிடுங்க, இல்லன்னா ரெசின் தேன் மாதிரி இறுகி ரோலர்ல இழுக்கவே வராது.

கேள்வி (குன்னூர்): எங்க ஷெட் மலைய வெட்டி உள்ள கட்டினது. பூசி ஆறு மாசத்துல தளம் முழுக்க கொப்புளம், குத்தினா தண்ணி வருது. ரெண்டு தடவ மாத்தி பூசியாச்சு.

பதில்: மூணாவது தடவ பூசாதீங்க, காசு போகும். இதுதான் நம்ம மலையோட அசல் பிரச்சனை, குளிர் எல்லாம் ரெண்டாவது. மேல்பக்கம் மண்ணுல மழை தண்ணி இறங்கி உங்க தளத்துக்கு அடில வந்து நிக்குது, பழைய வீட்ல தளத்துக்கு கீழ பாலித்தீன் ஷீட்டும் போட்டிருக்க மாட்டாங்க. தண்ணி காங்கிரீட் வழியா மேல ஏறும்போது உப்பையும் கரைச்சு எடுத்துட்டு வரும், மேல எபாக்ஸி மூடி போட்டு அடைச்சிருக்கீங்க, போக வழியில்லாம பூச்ச தூக்கிடுது. கீழ இருந்து தள்ளற தண்ணிய ரோலர்ல அடிக்கற எதுவும் நிறுத்தாதுங்க.

முதல்ல மேல்பக்கம் ஒரு வடிகால் வெட்டி தண்ணிய திருப்புங்க, தடுப்பு சுவர்ல தண்ணி வெளிய வர விட்டிருக்கற ஓட்டை, வீப் ஹோல்னு சொல்லுவாங்க, அது அடைஞ்சிருக்கான்னு பாருங்க, பாதி வீட்ல வேரும் மண்ணும் போய் அடைச்சிருக்கும். அப்புறம் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் ஷீட்ட தளத்துல வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி குறைஞ்சது 16 மணி நேரம் விடுங்க. கேரி பேக் வேணாம், அது இங்க தடை வேற. பிரிச்சா உள்ள முத்து முத்தா தண்ணி இருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ பூச கூடாது. இந்த டெஸ்ட்ட மார்ச்ல பண்ணிட்டு காஞ்சிருக்குன்னு சந்தோஷப்படறாங்க, மார்ச்ல எல்லா தளமும் காஞ்சுதான் இருக்கும். உங்க பக்கம்னா நவம்பர் மழைல டெஸ்ட் பண்ணுங்க, மார்ச்ல பூசுங்க.

நவம்பர்லயும் ஓதம் ஏறுதுன்னா பளபளப்பு ஆசைய விட்டுடுங்க. சிலேன் சிலாக்சேன்னு உள்ள இறங்கற சீலர் இருக்கு, மேல படலமே இருக்காது, தண்ணிய விலக்கும், கீழ இருந்து வர்ற ஆவிய வெளிய விட்டுடும். பாக்க வெறும் சிமெண்ட் தரை மாதிரிதான் இருக்கும், ஆனா உரிஞ்சு வர அங்க ஒண்ணுமே இல்லையே.

கேள்வி (கோத்தகிரிக்காரன், இப்ப டொராண்டோ): இங்க குளிர் காலம் முழுக்க கார் உப்பு தண்ணியோட உள்ள வருது, தளம் மேல் தோல் செதில் செதிலா போகுது. ஊருக்கும் இங்கயும் ஒரே பூச்சு போதுமா?

பதில்: உங்க பிரச்சனை வேற தம்பி. அங்க ரோட்ல பனி உருக உப்பு போடறாங்க, அது கார்ல ஒட்டிட்டு வந்து ஷெட்ல உருகி காங்கிரீட்ல ஊறுது, தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் கிட்ட பெருக்கும், உறையறதும் உருகறதுமா மாறி மாறி நடந்து மேல் தோல உடைச்சிடுது. அதனாலதான் அங்க காங்கிரீட்லயே பொடி பொடியா காத்து குமிழ் விட்டு கலக்கறாங்க. உதிர்ந்தத எல்லாம் கிரைண்டர்ல, அதாவது தரை உரசற மெஷின்ல எடுத்து, ரிப்பேர் பண்ணி, அடில எபாக்ஸி, மேல பாலிஅஸ்பார்டிக்னு சீக்கிரம் இறுகற இன்னொரு பூச்சு போடலாம், இல்ல சிலேன் சீலர் மட்டும் அடிக்கலாம், தேங்கற சேற்றுத்தண்ணிய அப்பப்ப வெளிய தள்ளுங்க. ஊட்டில ரோட்டுக்கு யாரும் உப்பு போடறதில்ல, உறைபனி புல்லு மேல விழுந்து வெயில் வந்ததும் போயிடும், ஷெட்டுக்குள்ள தளம் உறைஞ்சு உடையற அளவுக்கு குளிர் இல்ல. வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு இங்க உப்புக்கு பயப்படறவங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்.

கேள்வி (தலைக்குந்தா): கல்லட்டி ஏறி வந்து வண்டிய விட்டா டயர் நின்ன இடத்துல மட்டும் பெயிண்ட் பேத்துக்கிட்டு வருது?

பதில்: 36 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த டயர் சும்மாவா இருக்கும், சூட்டுல பூச்ச இளக வச்சிடும், ஆறும்போது சுருங்கி அதையும் சேத்து இழுக்கும். ஒரே டப்பால வர்ற ஃப்ளோர் பெயிண்ட்தான் முதல்ல போகும். ரெண்டு டப்பா சரக்கா இருந்தும் வந்தா தளத்த சரியா உரசல, காங்கிரீட் போடும்போது மேல வந்து படியற பலவீனமான சிமெண்ட் பால் மேலயே பூசியிருக்காங்கன்னு அர்த்தம். உரசினதுக்கு அப்புறம் ஒரு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, உடனே உறிஞ்சணும்.

கேள்வி (கொடைக்கானல்): கிரைண்டருக்கு பதிலா ஆசிட் ஊத்தி கழுவினா?

பதில்: பண்றவங்க இருக்காங்க, எனக்கு புடிக்காது. ஆசிட் ஆவில ஷட்டர், கிரில் எல்லாம் துரு புடிக்கும், பல தடவ தண்ணி விட்டு அலசணும், நம்ம குளிர்ல அந்த தண்ணி காய நாள் கணக்காகும், கழுவின தண்ணி சரிவுல இறங்கி யாரோட கிணத்துக்கோ தோட்டத்துக்கோ போகும். டைமண்ட் கிரைண்டர் வாடகைக்கு எடுங்க, மூஞ்சிக்கு நல்ல மாஸ்க் போடுங்க, அந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. எண்ணெய் கறை இருந்தா உரசறதுக்கு முன்னாடியே டிகிரீசர் போட்டு எடுத்துடணும்.

கேள்வி (வெலிங்டன்): பழைய ரெட் ஆக்சைடு தரை, மெழுகு போட்டு தேய்ச்சது. மேலயே பூசலாமா?

பதில்: ஒட்டாது. ஆனா அந்த தரைய ஏன் மூடறீங்க, இப்ப அப்படி போட ஆள் கிடைக்கறது கஷ்டம்ங்க.

கேள்வி (கோத்தகிரி): 180 சதுர அடிக்கு 1 லிட்டர் போதும்னு கான்ட்ராக்டர் சொல்றாரு.

பதில்: தின்னர் இல்லாத சரக்கு 1 லிட்டர் 10 சதுர மீட்டர்ல பரவினா 100 மைக்ரான் கனம் வரும், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. 180 சதுர அடின்னா 17 சதுர மீட்டர் கிட்ட, அவர் சொல்றது 60 மைக்ரான் தான், கார் நிக்கற தளத்துக்கு அது வெறும் கலர். 250 மைக்ரான் வேணும்னா 4 லிட்டருக்கு மேல ஆகும். அந்த கணக்க அவர் முன்னாடியே போட்டு காட்டுங்க.

கேள்வி (அருவங்காடு): பாலிஅஸ்பார்டிக் மட்டும் போட்டா?

பதில்: குளிர்ல நல்லா காயும், வெயில்ல மஞ்சளாகாது, எபாக்ஸி மஞ்சளாகும், உயரமான ஊர்ல வெயில் இன்னும் கடுமை. விலை கூட. கலக்கினா சுமார் அரை மணி நேரம்தான் கையில இருக்கும், பழகாத ஆளு கையில குடுத்தா வாளிக்குள்ளயே இறுகிடும். ஷட்டர் வாசல்ல வெயில் விழற இடத்துக்கு மேல்கோட்டா போடுங்க, உள்ள எபாக்ஸியே போதும்.

கேள்வி (மஞ்சூர்): ஈரத்துல வழுக்காதா? அம்மாவுக்கு வயசாச்சு.

பதில்: வழுக்கும். ரெண்டாவது கோட் ஈரமா இருக்கும்போதே குவார்ட்ஸ் மணல் தூவி, காஞ்சதும் உதிரிய கூட்டிட்டு மேல ஒரு கோட் அடிக்க சொல்லுங்க. அம்மா நடக்கற பக்கம் கொஞ்சம் தாராளமாவே தூவ சொல்லுங்க, துடைக்க சிரமமா இருக்கும்னு அவங்களே திட்டுவாங்க, பரவால்ல.