டயமண்ட் ஹெட் இசைக்குழு ஏன் சீக்கிரமே கலைந்தது?

'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்பது 1970களின் கடைசியில் இங்கிலாந்தின் சிற்றூர்களிலிருந்துகூட இளைஞர்கள் வேகமான கித்தார் இசையோடு, பலரும் சொந்தச் செலவில் இசைத்தட்டு வெளியிட்டுக் கிளம்பிய காலம். ஸ்டவர்பிரிட்ஜில் 1976இல் தொடங்கிய டயமண்ட் ஹெட் அந்த அலையின் குழுக்களில் ஒன்று.

காரணம் பெரும்பாலும் தாமதம்தான். அதே அலையின் மற்றக் குழுக்களான அயர்ன் மெய்டன், டெஃப் லெப்பர்ட் 1979லேயே பெரிய இசைத்தட்டு நிறுவனங்களில் சேர்ந்துவிட்டன. பாடகரின் தாயாரும் சேர்ந்து நிர்வகித்த இவர்களோ, 1980இல் பெயர்கூட அச்சிடாத வெள்ளை உறையில் ஆயிரம் தட்டுகள் போட்டு, கச்சேரிகளிலும் தபாலிலும் விற்றார்கள். எம்சிஏ என்ற பெரிய நிறுவனம் மூலம் முதல் ஆல்பம் வர 1982 ஆகிவிட்டது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்த கதை: இலை இருக்கும், பாயசம் தீர்ந்திருக்கும்.

1983இல் வந்த 'கேன்டர்பரி' ஆல்பம் பாணியை மாற்றியதில் பழைய ரசிகர்கள் விலகினார்கள். போதாக்குறைக்கு, முதலில் அச்சான பிரதிகளில் ஊசி தாவியது! (இதற்கு இசையைக் குறை சொல்ல முடியாது.) 1985இல் கலைந்தார்கள், பின்னாளில் மீண்டும் கூடினார்கள்.

'ஆம் ஐ ஈவில்?' அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் பாடல் என்றே பலர் நினைக்கிறார்கள்; அவர்கள் 1984இல் மறுபதிவு செய்தது, இந்த வெள்ளை உறைத் தட்டில் இருந்த பாடலைத்தான்.