மட்டு என்பது தூரம்

அன்புள்ள ஐயா,

விட்டுப்போன கணிதத்தை நானாகவே மறுபடி படித்துவருகிறேன். |க + 2| > 5 என்ற மட்டுச் சமனிலிக்கு (இரு கோடுகளுக்குள் இருப்பதன் குறி நீக்கிய அளவே மட்டு) −7 > க > 3 என்று விடை எழுதினேன். தவறாம். எல்லை எண்கள் இரண்டும் சரியாகத்தானே வந்திருக்கின்றன? 'நேர் என்றால் அப்படியே விடு, எதிர் என்றால் குறியை மாற்று' என்ற விதியையும் பிசகாமல் போட்டேன். விடையை இடைவெளியாக எழுதும்போது எங்கே பிறை அடைப்பு ( ), எங்கே சதுர அடைப்பு [ ] என்பதும் குழப்புகிறது.

ம.

அன்புள்ள ம.,

எண்கள் சரி, கோத்த விதம் தவறு. எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள்: க −7-ஐ விடச் சிறியது, அதே க 3-ஐ விடப் பெரியது. அப்படி ஓர் எண்ணே கிடையாது. நடுவில் இருக்கும் க-வை விரலால் மறைத்தால் −7 > 3 என்று நிற்கும். இப்படித் தொடராக எழுதினால் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். உங்களுக்கு வேண்டியதோ 'இது அல்லது அது'.

அந்த விதியில் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு விடை எப்படி இருக்கும் என்பது கடைசிவரை கண்ணில் படாது. எனக்கு அதில்தான் வருத்தம். |க − 3| என்று பார்த்ததும் 'க-வுக்கும் 3-க்கும் உள்ள தூரம்' என்று படித்துப் பழகுங்கள். உங்கள் கணக்கில் கூட்டல் இருக்கிறது. தூரத்துக்குக் கழித்தல் வேண்டும். ஆகவே |க − (−2)|. எண்கோட்டில் −2-இல் நில்லுங்கள். வலப்பக்கம் 5 போனால் 3, இடப்பக்கம் 5 போனால் −7. அதைவிடத் தொலைவில் இருப்பவைதான் கேட்கப்படுகின்றன. அவை இரண்டு துண்டுகள்: (−∞, −7) ∪ (3, ∞). நடுவிலுள்ள ∪ குறிதான் 'அல்லது'. கேள்வியில் < இருந்திருந்தால் (−7, 3) என்று ஒரே துண்டு.

அடைப்புக்குறி எளிது. முனை எண் விடையில் சேர்ந்தால் சதுரம், சேராவிட்டால் பிறை. முடிவிலி (∞) ஓர் எண்ணே இல்லை, அதைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அதனால் அதன் பக்கம் எப்போதும் பிறை. பிரெஞ்சுக்காரர்கள் திறந்த இடைவெளியை, அதாவது முனைகள் சேராததை, ]−7, 3[ என்று எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்கும், ஏனென்றால் (−7, 3) என்பதைத் தளத்தில் ஒரு புள்ளி என்றும் வாசித்துவிடலாம்.

தூரமாகப் பார்ப்பதன் பலன் அடுத்த வகைக் கணக்கில்தான் முழுதாகத் தெரியும். |க − 1| < |க − 7|. விதிப்படி போனால் மூன்று பகுதிகளாகப் பிரித்து எழுத வேண்டும். தூரமாகப் படித்தால், 7-ஐ விட 1-க்கு அருகில் இருப்பவை எவை என்பதே கேள்வி. நடுப்புள்ளி 4; விடை (−∞, 4). அதே இரு எண்களை வைத்து |க − 1| + |க − 7| = 6 என்று கேட்டால்? இரண்டுக்கும் இடையே எங்கே நின்றாலும் தூரங்களின் கூட்டு 6 தான், ஆகவே [1, 7] முழுவதும் விடை. சமன்குறிக்கு வலப்பக்கம் 6-க்குப் பதில் 5 என்று இருந்தால் தீர்வே இல்லை. முதன்முதலில் இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

திரும்பியும் வரலாம். ஒரு தண்டின் விட்டம் 49.8 முதல் 50.2 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்றால், |க − 50| ≤ 0.2. நடு எண்ணையும் பாதி நீளத்தையும் எடுத்துக்கொண்டால் போதும்.

மட்டுக்கான இந்த | | கோட்டுக் குறியீட்டை ஜெர்மன் கணித அறிஞர் வையர்ஸ்ட்ராஸ் 1841-இல் பயன்படுத்தினார். கோட்டில் அல்லாமல் தளத்தில் புள்ளிகளாகக் குறிக்கப்படும் கலப்பெண்களுக்கும் அதே குறிதான். அங்கே |க − 3| < 5 என்பது 3-ஐ மையமாகவும் 5-ஐ ஆரமாகவும் கொண்ட வட்டத்தின் உட்பகுதி. 'நேர், எதிர்' என்று பிரிக்கும் உங்கள் விதிக்கு அங்கே வேலையே இல்லை. தூரம் அப்படியே செல்லும்.

|2க + 5| ≥ 3 என்பதைப் போட்டுப் பாருங்கள். முதலில் 2-ஐ வெளியே எடுங்கள், பிறகு எந்த எண்ணிலிருந்து தூரம் என்று கேளுங்கள். −4, −1 இரண்டின் பக்கத்திலும் சதுர அடைப்பு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் மறுபடி எழுதுங்கள்.