அந்த 45 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாடம் கணிதம். இப்போது ஓர் அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறேன். ஆசிரியராக வேண்டும் என்பது என் சிறு வயது ஆசை. ஆனால் இங்கே சில வாரங்கள் இருந்ததிலேயே மனம் சோர்ந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன், 63இலிருந்து 28ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதுகிறான். இவனை எட்டாம் வகுப்பு வரை தள்ளிக்கொண்டு வந்தது 'ஆல் பாஸ்' முறைதானே? ஆசிரியர்களோ பாதி நேரம் எமிஸ் என்ற பள்ளித் தகவல் செயலியில் எதையாவது பதிவு செய்துகொண்டிருக்கிறார்கள். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், ஓய்வறையில் வழிகாட்டி நூல்களை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். கடைசி பெஞ்சே இல்லாமல் 'ப' வடிவில் மாணவர்களை உட்கார வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பக்கம் பேச்சு. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஆசிரியரே வேண்டாம் என்று இன்னொரு பக்கம்.

என் கேள்வி இதுதான். இந்த அமைப்புக்குள் போய் ஒரே ஓர் ஆசிரியரால் எதையாவது மாற்ற முடியுமா? ஆசிரியராகப் போகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல்கள் எவை?

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

ஒரு வாரமாக நான் கழித்தல் கணக்கைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்தாளனுக்கு நினைக்க வேறு எதுவும் கிடைக்கவில்லையா என்று சிரிக்காதீர்கள். எங்கள் மாடி வீட்டுச் சிறுமி, மூன்றாம் வகுப்பு, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். ஏழு கணக்கு. ஏழிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. ஏழும் ஒரே சாய்வு, ஒரே வேகம். எந்த இடத்திலும் அந்தப் பேனா ஒரு நொடி நின்று யோசித்த அடையாளம் இல்லை. அந்த எரிச்சல் ஆறுவதற்குள் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே அந்த ஆசிரியைக்குச் சேர வேண்டிய திட்டில் கொஞ்சம் உங்கள் மேலும் விழும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 'ப' வடிவம்: அறையில் இடம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நான் படித்த பள்ளியில் பெஞ்சே கிடையாது, எல்லோரும் தரையில்தான். கடைசி பெஞ்ச் இல்லாத அந்தப் பள்ளியில் கடைசிப் பையன்கள் மட்டும் தவறாமல் இருந்தார்கள். எமிஸ்: நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆசிரியரைக் கணக்குப்பிள்ளையாக்கினால் கணக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது. செயற்கை நுண்ணறிவு: ஐந்து வருடம் கழித்துக் கேளுங்கள்.

தகுதித் தேர்வைப் பற்றி இரண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 1ஆம் தேதித் தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்கிறது. ஐம்பது வயதில் வட்டத்தைக் கறுப்படிக்கப் பழகும் ஆசிரியரைப் பார்த்தால் எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் குறை வேறு. 150 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. அதில் மூன்று தவறு, தொடாமல் விட்டுவிட வேண்டியவை. வகுப்பறையில் உங்கள் வேலையே அந்த மூன்று வட்டங்களில்தான் இருக்கிறது. சரியான விடை எழுதிய பிள்ளைக்கு உங்களால் ஆக வேண்டியது அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை.

இனி உங்கள் எட்டாம் வகுப்புப் பையன். அவனைக் கொண்டு வந்து 'ஆல் பாஸ்' முறைக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாம் என்றார்கள். அந்த ஆண்டே நம் மாநிலத்தில் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வு என்று அரசாணை வந்தது. பிள்ளைகள் எழுதுவதற்கு முன்பே, 2020 பிப்ரவரியில், அது திரும்பப் பெறப்பட்டது. உங்கள் ஆசைப்படியே நடந்து, அவனை மூன்றாம் வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே 45ஐ இன்னும் அழகான கையெழுத்தில் எழுதியிருப்பான்.

அவனுடைய மூன்றாம் வகுப்பு எப்போது நடந்தது என்று எண்ணிப் பார்த்தீர்களா? கணிதம் படிக்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள். இப்போது, 2025–26இல், எட்டு. அப்படியானால் 2020–21இல் மூன்று. கொரோனாவால் அந்த ஆண்டு முழுக்கப் பள்ளிக் கதவு அவனுக்குத் திறக்கவே இல்லை. ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1. அன்று அவன் நான்காம் வகுப்புக்குள் நுழைந்தான். கடன் வாங்கிக் கழிப்பது பழக்கத்துக்கு வர வேண்டிய காலத்தில் கல்வித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் பார்த்தார்களோ, சீரியல் பார்த்தார்களோ. 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லித்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது அது முதல் மூன்று வகுப்புகளுக்கு. இவன் ஐந்தில் இருந்தான். மறு ஆண்டு அதை நான்குக்கும் ஐந்துக்கும் நீட்டினார்கள். இவன் ஆறுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு முறையும் பஸ் இவன் நிறுத்தத்தைத் தாண்டிய பிறகுதான் புறப்பட்டிருக்கிறது. இப்போது ஆறு முதல் ஒன்பது வரை, அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 'திறன்' என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். அதில் அவன் இருக்கிறானா என்று நாளைக்கே விசாரியுங்கள்.

இதெல்லாம் நான் வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு. தவறாகவும் இருக்கலாம். நீங்கள் அவனுக்கு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். "45 என்று எழுதுகிறான்" என்று எனக்கு எழுதத் தெரிந்த உங்களுக்கு, "எப்படித் தம்பி செய்தாய்?" என்று அவனிடம் கேட்கத் தோன்றவில்லையா? உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். அவன் எழுதிய விடை இருக்கிறது, அவன் பேசிய ஒரு வார்த்தை இல்லை. பெயர்கூட இல்லை. என்னம்மா இது?

1974இல் நான் மூன்றாம் வகுப்பு. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் கிராமம், ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்து மூன்றுக்கும் ஒரே வாத்தியார், ஒரே அறை. 42இலிருந்து 17ஐக் கழி என்றால் நான் 35 என்று எழுதுவேன். முதல் நாள் குட்டினார். மறுநாளும் அதே மாதிரிக் கணக்கு, அதே மாதிரி விடை, அதே குட்டு. மூன்றாம் நாள் கையை ஓங்கியவர் நிறுத்திவிட்டு சிலேட்டை வாங்கிப் பார்த்தார். "தவறு செய்கிறவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு விடை வர வேண்டும். உனக்கு ஒரே மாதிரி வருகிறதே. எப்படிடா செய்கிறாய்?" என்றார்.

கேட்டுவிட்டு மடியிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்தார். அதை அவர் பிரிப்பதே ஒரு சடங்கு. வாழைச் சருகை விரித்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, அதிகப்படியை உதறி, ஒரு பக்கம் இழுத்து, மறு பக்கம் இழுத்து, கண்ணை மூடி, தும்மல் வருகிறதா என்று காத்திருந்து, துண்டால் மூக்கைத் துடைப்பார். அதுவரை யாரும் பேசக் கூடாது. கேள்வி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்குள் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது.

"இரண்டில் ஏழு போகாது சார். பக்கத்தில் கடன் வாங்க வேண்டும். வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கணக்கில் யாருமே திருப்பிக் கொடுப்பதில்லை. அதனால் நான் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டேன்."

அந்த மாதம்தான் எங்கள் வீட்டுப் பித்தளை அண்டாவைக் கடன் கொடுத்தவர் வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தார். ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். சிரிக்கவில்லை. குட்டவும் இல்லை. மறுநாள் ஒரு பை நிறையத் தீக்குச்சி கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் தீக்குச்சிக்குப் பஞ்சம் இல்லை. பத்துப் பத்தாக நூலால் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் என் முன்னால் வைத்து, "பதினேழு குச்சி கொடு" என்றார். ஒரு கட்டைக் கொடுத்தேன். உதிரி இரண்டையும் கொடுத்தேன். இன்னும் ஐந்து வேண்டும். முழித்தேன். அவர் பொடி மட்டையை எடுத்தார். அவர் தும்மி முடிப்பதற்குள் நான் இன்னொரு கட்டின் நூலை அவிழ்த்துவிட்டேன்.

"இப்போது யாரிடமடா கடன் வாங்கினாய்?"

"யாரிடமும் இல்லை சார். என் கட்டுதான்."

அதன் பிறகு அந்த வகுப்பில் அவர் 'கடன் வாங்கு' என்று சொல்லி நான் கேட்கவில்லை. 'கட்டை அவிழ்' என்பார். இன்றைய பாடநூலில் இதற்கு 'இனமாற்றம்' என்று பெயர். பொருத்தமான சொல், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் இன்னமும் பக்கத்து வீட்டில் கடன்தான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே 1974இல் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர், வகுப்பறை உரையாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்து கேட்டு ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, வாயே திறக்காதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள். பல வருடம் கழித்து இதைப் படித்தபோது எனக்கு உடனே மூக்கில் பொடி நெடி அடித்தது. எங்கள் வாத்தியாருக்கு ஆய்வும் தெரியாது, ஆங்கிலமும் அவ்வளவாகத் தெரியாது. ஒரு கெட்ட பழக்கம் மட்டும் இருந்தது.

மாடி வீட்டுச் சிறுமியிடமும் கேட்டேன். எனக்குப் பொடி கிடையாது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சொன்னாள்: "பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று போன வருடம் மிஸ் சொன்னார்கள்." அவ்வளவுதான். அவள் சொல் பேச்சுக் கேட்கும் குழந்தை. மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன, எட்டு பெரியது, மூன்று சிறியது. ஏழு கணக்கிலும் ஆசிரியை சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள், ஏழு பெருக்கல் குறி வாங்கியிருக்கிறாள். அவளுக்கு என் தீக்குச்சி வைத்தியம் பலிக்காது. அவளுக்குப் பிரச்சினை கடன் இல்லை. 63 என்று கொடுத்தால் அதை அவள் ஒரு ஆறாகவும் ஒரு மூன்றாகவும் தனித்தனியே பார்க்கிறாள்.

ஒரே தவறு, என்னிடம் ஒரு காரணம், அவளிடம் வேறு காரணம். உங்கள் பையனிடம் மூன்றாவதாக ஒன்று இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஐந்து வருடமாக யாரும் கேட்காததால் எதையாவது எழுதித் தப்பித்துக்கொள்ளப் பழகியிருக்கலாம்.

உங்களுக்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு சின்னப் பயிற்சி வகுப்பு நடத்தியிருப்பார்கள். வினவுதல் திறன், வலுவூட்டல் திறன் என்று ஒவ்வொன்றாக. எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருந்தது யார்? உங்கள் தோழிகள்தான். நீங்கள் கேட்டிருப்பீர்கள், ஒருத்தி எழுந்து சரியான விடை சொல்லியிருப்பாள், "மிக நன்று" என்றிருப்பீர்கள், பேராசிரியர் மதிப்பெண் போட்டிருப்பார். உங்கள் பேட்சில் யாராவது ஒருத்தி எழுந்து 45 என்று சொன்னாளா? சொல்லியிருந்தால் அடுத்து என்ன கேட்டிருப்பீர்கள்? 2015இல் பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கினார்கள். கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு ஆண்டில், தவறாகப் பதில் சொல்லும் பிள்ளை முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்காரக் கற்றுக்கொடுக்க ஒரு வாரம் ஒதுக்கியிருக்கலாம். ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடவே நேரம் சரியாக இருந்திருக்கும்.

ரொம்பத் திட்டுகிறேனோ? எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்காத இரண்டு வருடம் டியூஷன் எடுத்தேன். அப்போது மாணவர்களின் நோட்டுகளில் நான் அதிகம் எழுதிய சொல் 'கவனக்குறைவு'. சிவப்பு மையில், அடிக்கோடு வேறு. அந்தப் பொடி மட்டையை நேரில் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு பையனிடம்கூட எப்படிச் செய்தாய் என்று கேட்டதாக நினைவில்லை. மாதம் பதினைந்து ரூபாய்க்கு அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

நூல் பட்டியல் கேட்டிருந்தீர்கள். பிறகு அனுப்புகிறேன். அமைப்பை மாற்ற முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள், அதற்குள் போக இன்று எனக்குப் பொறுமை இல்லை. பயிற்சி முடிந்து நீங்கள் கிளம்புவதற்குள் அந்தப் பையனோடு ஒரு மதிய இடைவேளை உட்காருங்கள், மற்ற பிள்ளைகள் இல்லாத இடமாகப் பார்த்து. 63, 28 வேண்டாம், அது அவனுக்கு அவமானப்பட்ட எண். வேறு இரண்டு எண் கொடுங்கள். அவன் எழுதி முடித்ததும் எப்படிச் செய்தான் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஜன்னலைப் பாருங்கள், செல்போனைப் பார்க்காதீர்கள். அவன் என்ன சொல்கிறானோ அதை எனக்கு அப்படியே எழுதி அனுப்புங்கள். அவன் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எழுத வேண்டாம்.