பசுமைக் குடியிருப்பு என்கிறார்கள், எதைப் பார்த்து நம்புவது?

கேள்வி: கூடுவாஞ்சேரிப் பக்கம் 10 ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றில் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். சுற்றிலும் மதில், ஒரே நுழைவாயில். ‘பசுமைக் குடியிருப்பு, பிளாட்டினம் முன்சான்று பெற்றது’ என்று சொல்லி, அக்கம்பக்க விலையைவிடச் சதுர அடிக்கு 400 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: முன்சான்று வரைபடத்தைப் பார்த்துத் தருவது. வரைந்தபடி செய்தார்களா என்று பார்த்துத் தரும் இறுதிச் சான்று வேறு. அதனால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: பசுமைச் சான்று தருபவற்றில் இது எது, இந்தியாவின் ஐஜிபிசியா, கிரிஹாவா, அமெரிக்காவின் லீடா? மனைப்பிரிவு முழுவதற்குமா, கிளப் ஹவுஸுக்கு மட்டுமா? இறுதிச் சான்று எப்போது?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த மதில். அமெரிக்காவின் லீட் அமைப்பில் குடியிருப்புப் பகுதிகளுக்கென்றே தனித் தரநிலை உண்டு. மொத்தம் 110 புள்ளி, 80 வாங்கினால் உச்சத் தரமான பிளாட்டினம். ஆனால் புள்ளிக் கணக்குக்கு முன்பே சில கட்டாய நிபந்தனைகள் இருக்கின்றன. தெருக்கள் யாரும் வந்துபோகும்படி திறந்திருக்க வேண்டும், வாயில் போட்டு அடைத்த பகுதி செல்லாது என்பது அவற்றில் ஒன்று. காரணம் எளிது. பேருந்து நிறுத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் 200 மீட்டரில் இருந்தும், ஒரே வாயில் வழியாகச் சுற்றி ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டுமென்றால் எல்லோரும் வண்டியைத்தான் எடுப்பார்கள். வீட்டுக்கு இரண்டு வண்டி நிற்கும் இடத்தைச் சோலார் விளக்கு பசுமையாக்கிவிடாது. பேருந்துக்கு 400 மீட்டர், ரயிலுக்கு 800 மீட்டர் என்பது அந்தத் தரநிலை எடுத்துக்கொள்ளும் நடைதூரம். உங்கள் மனையிலிருந்து நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள், அதுவும் மதியம் இரண்டு மணிக்கு.

அடுத்தது தண்ணீர். இதில்தான் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். நீங்கள் வாங்கப்போவது ஏரிகள் ஒன்றையொன்று தொட்டு நிரம்பும் பூமி. பக்கத்திலுள்ள ஆதனூர் ஏரியின் உபரிநீர் அடையாற்றுக்குத்தான் போகிறது. 2015 டிசம்பரில் அந்த ஆற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். 10 ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அள்ளினால் 300 லாரிக்கு மேல். அவ்வளவும் எங்கே போகும்? முதலில் சர்வே எண்ணை வைத்து, தமிழக அரசின் இணையச் சேவையில் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை என்று எழுதிய பதிவேடு) எடுங்கள். ஓடை, வாய்க்கால், நீர்நிலைப் புறம்போக்கு என்று ஏதாவது மனைப்பிரிவுக்குள்ளோ ஒட்டியோ இருந்தால், இப்போது அது தரையில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், மழைநீர் வடிகாலை அதன் கடைசி வரை நடந்து போய்ப் பாருங்கள். ஒரு நண்பருக்காக அப்படி ஒரு மனைப்பிரிவில் நடந்தேன். இரண்டடி அகலத்தில் அழகாகக் கட்டி, மூடியெல்லாம் போட்டிருந்தார்கள். மேட்டிலிருந்து பள்ளம் வரை போய், கடைசியில் மதில் சுவரில் முட்டி நின்றது. சுவரில் ஒரு துளை கூட இல்லை. அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் நெல் வயல். அந்த மூலையில்தான் பூங்காவும் இருந்தது. பக்கத்தில், மழைநீரை மண்ணுக்குள் இறக்க வைத்திருந்த உறைகிணற்றின் மூடியைத் தூக்கினால், உள்ளே ஜல்லி இல்லை, சிமெண்ட் சாக்குகள்.

பூங்கா என்றதும் ஓ.எஸ்.ஆர்., அதாவது திறந்தவெளி ஒதுக்கீடு பற்றிச் சொல்ல வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். தமிழகத்தின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சொல்வது இது. உங்கள் 10 ஏக்கர் சுமார் 40,000 சதுர மீட்டர், ஆகவே இது கட்டாயம். சட்டப்படி விட்டே ஆக வேண்டிய இடத்தைப் ‘பசுமை வசதி’ என்று விலையில் ஏற்றுவதை ஏற்காதீர்கள். 2003 முதல் கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும் இதே பேச்சுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேவர் கல் மணல் படுகையில் பதித்திருந்தால் நீர் இறங்கும், கீழே கான்கிரீட் போட்டிருந்தால் இறங்காது. ஓரத்தில் ஒரு கல்லைப் பெயர்த்தாலே தெரிந்துவிடும். மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசாமல் மண் விட்டிருக்கிறார்களா, நட்டது வேம்பா, புங்கையா, வெறும் அலங்காரப் பனையா என்று பாருங்கள். தெரு கிழக்கு மேற்காக ஓடினால் வீடுகள் வடக்கு, தெற்கு பார்க்கும், மேற்கு வெயில் வீட்டு முகப்பில் நேராக விழாது.

சரி, 400 ரூபாய். உங்கள் மனைக்கு அது 4,80,000 ரூபாய். சான்று மனைப்பிரிவு முழுவதற்கும் இருந்து, வடிகால் முறையான நீர்வழியில் போய்ச் சேர்ந்து, மதிலில் பேருந்து நிறுத்தத்தின் பக்கம் ஒரு நடைவாயில் திறக்கவும் சம்மதித்தால், பாதி வரை பேசலாம் என்பது என் கணிப்பு. வடிகால் சுவரில் முட்டினால் அக்கம்பக்க விலைக்கும் வாங்காதீர்கள். முன்பணம் தரும் முன் தானப் பத்திர நகலையும் ரெரா (மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.