ஸ்டீயரிங் ஆட்டமும் ஏமாந்த கதைகளும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் பழைய காரில் ஸ்டீயரிங்கை நான்கு விரல் அளவு திருப்பிய பிறகே சக்கரம் அசைகிறது. இணைப்புகள் அனைத்தையும் ஒரே செட்டாக வாங்கி வீட்டிலேயே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் முதலில் தேய்ந்தது எது என்று கண்டுபிடியுங்கள். அதற்குச் செலவே இல்லை. சக்கரங்கள் தரையில் நிற்கும்போதே ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க, நீங்கள் ஒவ்வொரு டை ராட் எண்டையும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையிலுள்ள மூட்டு) கையால் பற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதித்தால், அல்லது விரலில் ‘டக்’ என்று தட்டினால், தேய்ந்தது அதுதான். இணைப்புகளை மறுபக்கத்தில் தாங்கும் கையான ஐட்லர் ஆர்மையும், ஸ்டீயரிங்கின் சுழற்சியை இணைப்புகளுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் மறவாதீர்கள். அந்த போல்ட்டுகள் தளர்ந்திருப்பதை அறியாமல் நான் ஒருமுறை முழு செட்டையும் வாங்கி மாட்டினேன். ஆட்டம் அப்படியே இருந்தது.

கேள்வி: ஸ்டீயரிங் பாக்ஸின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இறுக்கினாலே போதும் என்கிறார் நண்பர்.

பதில்: பாக்ஸ் அதிகம் தேய்வது நேராக ஓடும் நடுப்பகுதியில்தான். நடுவில் ஆட்டமே இல்லாதபடி இறுக்கினால், தேயாத ஓரங்களில் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. இணைப்புகளைச் சரிசெய்த பிறகு, கடைசி வேலையாக, சிறிது சிறிதாக மட்டும் இறுக்குங்கள்.

கேள்வி: பிரபல நிறுவனத்தின் பெட்டியில் வந்த டை ராட் எண்ட். நட்டை மரை முடியும்வரை இறுக்கியும் அதன் தண்டு, சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டீயரிங் ஆர்மின் துளைக்குள் ஆடுகிறது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்றவர்.

பதில்: உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. மனம் மாறித் திருப்பித் தருபவரிடம் சொல்லவேண்டியதை, தவறான பொருளைப் பெற்றவரிடம் சொல்வது அடாவடி. பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதை அறிய எவரால் முடியும்?

பழைய கார் உதிரிப்பாகங்களை வாங்குவதில் எனக்குத் தீராத மனக்குறை இந்தப் பெட்டிகள்தான். போலி செய்பவர் பெட்டியின் அச்சடிப்புக்குக் காட்டும் சிரத்தையைக் கடைசலுக்குக் காட்டுவதில்லை. நாமோ பெட்டியின் பளபளப்பைப் பார்த்துப் பணத்தை எடுத்துவிடுகிறோம். டை ராட் எண்டைத் துளையில் உறுதியாக நிறுத்துவது நட்டு மட்டும் அல்ல, கூம்பான தண்டு துளையின் சுவரை முழு நீளத்துக்கும் கவ்வுவதுதான். அதை உள்ளே இழுத்து அமர்த்துவதே நட்டின் வேலை. டேப்பர், அதாவது கூம்பின் சரிவு, சிறிது மாறினாலும் தண்டு ஒரு முனையில் மட்டும் தொட்டு, ஓட ஓடத் துளையையே அறுத்துவிடும். பிறகு ஸ்டீயரிங் ஆர்மையும் சேர்த்து மாற்றவேண்டி வரும். ஆகவே தண்டையும் துளையையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தண்டின் நீளவாக்கில் மார்க்கர் பேனாவால் நான்கு கோடுகள் இழுத்து, துளையில் அழுத்திச் சிறிது திருகி எடுங்கள். கோடுகள் மேலிருந்து கீழ்வரை சீராக அழிந்திருந்தால் டேப்பர் சரி. ஒரு முனையில் மட்டும் அழிந்திருந்தால், அதைப் படமெடுத்து, ரசீதையும் இணைத்து எழுத்து மூலம் பணத்தைக் கேளுங்கள். பெட்டியில் பெயருள்ள நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதுவரை காரை ஓட்டவேண்டாம்.

கேள்வி: பழைய டை ராட் எண்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டினேன். ஒன்றில் மரை ஏறவே இல்லை. மாற்றி வாங்கி மாட்டினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. மட்டமான பொருள் என்று புகார் செய்யலாமா?

பதில்: யார் மேல்? பல கார்களில் டை ராடின் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. ராடைச் சுழற்றினாலே நீளம் மாறவேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இரண்டையும் ஒரே மரையில் கேட்டு வாங்கியவர் நீங்கள். கழற்றும்போது எத்தனை சுற்றில் வெளிவந்தது என்று எண்ணவில்லை, நீளத்தை அளக்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதும் கையில் இல்லை. எண்ணியிருந்தாலும் வீல் அலைன்மெண்ட் பார்த்தே ஆகவேண்டும். டயரின் ஓரம் தேய்வதற்குள் போய்ப் பாருங்கள்.

கேள்வி: நாற்பது ஆண்டுகளாகப் பிரிக்காமல் இருந்த அசல் பால் ஜாயிண்ட் (ரப்பர் உறையிட்ட உருண்டை மூட்டு) கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இரும்புக்காக வாங்கலாம், ரப்பரை நம்பி வாங்கக்கூடாது. உறையை விரலால் அழுத்தி மடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரியும். உறையை மாற்றி, உள்ளே காய்ந்த கிரீஸை அகற்றிப் புதிதாக இட வழியிருந்தால் மட்டுமே அந்த விலைக்குப் பொருள் உண்டு.

கேள்வி: நட்டு கழலாமல் பூட்டும் பழைய ஸ்ப்ளிட் பின்னையே நிமிர்த்திப் போடலாமா?

பதில்: கூடாது. தண்டிலுள்ள பின் துளை நட்டின் வெட்டுக்கு நேராக வரவில்லை என்று நட்டைத் தளர்த்தவும் கூடாது. இன்னும் சிறிது இறுக்கித்தான் நேராக்கவேண்டும்.

கேள்வி: பால் ஜாயிண்டைக் கழற்ற, சுத்தியலால் அடித்து ஏற்றும் கவை (இரு பல் கொண்ட ஆப்பு) மலிவாகக் கிடைக்கிறது. திருகி அழுத்திக் கழற்றும் புல்லர் அவசியமா?

பதில்: குப்பைக்குப் போகும் ஜாயிண்டுக்குக் கவை போதும். மீண்டும் மாட்டப்போவதென்றால் புல்லர்தான் வேண்டும், ஏனெனில் கவை ரப்பர் உறையைக் கிழிக்காமல் விடுவது அரிது. மலிவாக இருக்கிறதே என்று நான் வாங்கிய கவை, நல்ல நிலையில் இருந்த மூன்று ஜாயிண்டுகளின் உறைகளை ஒரே மாலையில் கிழித்தது. உறைகளுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு புல்லரே வாங்கியிருக்கலாம்.